மூன்றாவது சிலிண்டர்: வெள்ளத்தில் மூழ்கிய ஒரு டீசல் ஜீப்பின் ஆய்வு

2024-ஆம் ஆண்டு முழுவதும் எங்கள் ஜீப்புக்கு ஒரே நோய். விடிகாலையில் சாவியைத் திருப்பினால் மூன்று சிலிண்டர்கள் பற்றும், ஒன்று பற்றாது. வண்டி முழுதும் குலுங்கும். கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை வாழைத் தோட்டத்துக்குள் பரவும். ஐந்தாறு நிமிடம் ஓடவிட்டால் அந்த ஒன்றும் சேர்ந்துகொள்ளும். புகை அடங்கும். அதன்பின் நாள் முழுக்கக் குறை சொல்ல முடியாத ஓட்டம். மறுநாள் காலை மீண்டும் அதே கதை.

குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் நான்கையும் மாற்றினோம். டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிச் சோதித்தோம். கடைசியில் டீசல் பம்பையே இறக்கிப் பிரித்துப் பூட்டினோம். எதற்கும் மசியவில்லை. 2023 டிசம்பரில் ஒரு மதியம், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் நாங்கள் செய்த ஒரு காரியத்தின் விளைவு அது என்று தெரிய ஓராண்டுக்கு மேல் ஆனது. அதைக் கண்டுபிடித்த வழியையும், பிறகு வீட்டு முற்றத்திலேயே வண்டியை முழுக்கப் பிரித்துப் பூட்டியதையும் எழுதுகிறேன். வெள்ளத்தில் நனைந்த பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் ஒருவருக்காவது இது உதவ வேண்டும்.

வண்டி

மகிந்திரா எம்.எம். 540. அப்பா 1989-இல் வாங்கியது. சேரன்மகாதேவிக்குக் கிழக்கே தாமிரபரணிக் கரையில் எங்கள் வாழைத் தோட்டம். மழைக்காலத்தில் அங்கே போய்வர வேறு வண்டி உதவாது. வாழைத்தார் ஏற்றியிருக்கிறது, உரமூட்டை சுமந்திருக்கிறது, நள்ளிரவில் பிரசவ வலியெடுத்த பெண்களைப் பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்திருக்கிறது. ஊரில் எங்கள் வீட்டுக்கே இன்றும் ஜீப்புக்காரர் வீடு என்றுதான் பெயர்.

இதன் எஞ்சின் எக்ஸ்.டி.பி. 4.90. பிரான்சின் பியூஜோ நிறுவனத்திடம் உரிமம் பெற்று மகிந்திரா இங்கே தயாரித்தது. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: 4 சிலிண்டர், 90 மில்லிமீட்டர் விட்டம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 83 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 2112 சி.சி. டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சாமல், ஹெட்டில் இருக்கும் சிறு அறைக்குள் பீய்ச்சி அங்கே பற்றவைக்கும் வகை. அந்த அறையின் சுவர்கள் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், இவ்வகை எஞ்சினுக்குக் காற்றை மிக இறுக்கமாக அழுத்த வேண்டும். அழுத்த விகிதம் ஏறத்தாழ 22-க்கு 1, அதாவது உள்ளே வந்த காற்று இருபத்திரண்டில் ஒரு பங்கு இடத்துக்குள் அடங்க வேண்டும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோயும் மருந்தும் இதற்குள்தான் இருந்தன.

வெள்ளமும் டிராக்டரும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை நெல்லைச் சீமையில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. தாமிரபரணி இரு கரையும் புரண்டது. தோட்டத்துக் கொட்டகையில் நின்ற ஜீப்பின் ஸ்டீயரிங் வரை தண்ணீர் ஏறியது. இரண்டு நாள் நின்றது. வடிந்தபோது இருக்கைகள் மேல் நான்கு விரற்கடை வண்டல்.

தண்ணீர் வடிந்த நான்காம் நாள், தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்தார். எஞ்சின் ஆயிலை இறக்கினார். முதலில் தெளிந்த தண்ணீர், பிறகு பால்விட்ட காப்பி நிறத்தில் ஆயில். புது ஆயில் ஊற்றினார். டீசல் டேங்கைக் காலிசெய்து கழுவினார். இதுவரை எல்லாம் முறையான வேலை. பேட்டரி செத்துப் போயிருந்தது. எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாருக்குள் சேறு. எனவே பக்கத்துத் தோட்டத்து டிராக்டரில் சங்கிலி கட்டி, மூன்றாம் கியரில் போட்டு இழுத்தோம். கிளட்ச்சை விட்டதும் வண்டி ஒரு குத்துக் குத்தி நின்றது. மறுபடி இழுத்தோம். இம்முறை 'டக்' என்று ஒரு சத்தம், அதன்பின் எஞ்சின் சுற்றியது, புகைந்தது, ஓடியது. எல்லோரும் கைதட்டினோம். நானும் அங்கேதான் நின்றேன். பாலிடெக்னிக்கில் இருபத்தெட்டு ஆண்டு இயந்திரவியல் கற்பித்தவன், தடுக்காமல் நின்றேன்.

நடந்தது இதுதான். ஏர் கிளீனர் வழியாக ஒரு சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கித் தங்கியிருந்தது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டி நின்றதுதான் முதல் குத்து. செல்ஃப் மோட்டாராக இருந்தால் பெரும்பாலும் அதோடு திணறி நின்றிருக்கும். டிராக்டர் நிற்காது. நான்கு சக்கரங்களின் பிடிப்பும், கியரின் பெருக்கமும், டிராக்டரின் இழுப்பும் சேர்ந்து பிஸ்டனை மேலே தள்ளின. எது விட்டுக்கொடுக்கும்? பிஸ்டனையும் சுழலும் தண்டான கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வளைந்து விட்டுக்கொடுத்தது.

நனைந்த டீசல் எஞ்சினைச் சுற்றும் முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஹீட்டர் பிளக்குகளையோ நாசில்களையோ முழுதாகக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். தண்ணீர் இருந்தால் துளை வழியே பீய்ச்சி அடித்துவிடும். அரை மணி நேர வேலை. அதை நாங்கள் செய்யவில்லை.

கசிவு இல்லாத குறை

அந்த 'டக்' சத்தத்தை எல்லோரும் மறந்துவிட்டோம், நான் உட்பட. வண்டி ஓடியதால் ஓராண்டு அதைச் சந்தேகிக்கவே இல்லை. பம்ப் வேலைக்குப் பிறகும் காலைப் புகை போகாததைக் கண்ட என் மருமகன்தான், தங்கை மகன், ஐ.டி.ஐ. படிக்கிறவன், "மாமா, கம்ப்ரஷனைப் பார்த்துவிடலாமே" என்றான். 2025 தை மாதம் திருநெல்வேலி டவுனிலிருந்து, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று காட்டும் டீசலுக்குரிய கேஜ் ஒன்றை வாடகைக்கு வாங்கிவந்தோம். பெட்ரோல் கேஜ் இதற்கு ஆகாது, முள் எல்லை தாண்டிவிடும்.

சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ கணக்கில் அளவுகள்: 27, 27, 20, 26. மூன்றாவது சிலிண்டர் நொண்டுகிறது.

கம்ப்ரஷன் குறைவு என்றவுடன் நம் பட்டறைகளில் சொல்லும் காரணங்கள் மூன்று: பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்தது, வால்வு சரியாக உட்காரவில்லை, ஹெட்டுக்கு அடியிலிருக்கும் கேஸ்கெட் போனது. மூன்றும் கசிவு. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று மனம் தானாக முடிவு கட்டிவிடுகிறது. நானும் ஒழுக்கைத்தான் தேடினேன். மூன்றாவது சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தேன். ரிங் தேய்வாக இருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அளவு நன்றாக ஏறும். 21-க்குத்தான் ஏறியது. அப்படியானால் வால்வு. பஞ்சர் கடைக்காரரின் கம்ப்ரசரைக் கொண்டுவந்து, மூன்றாவது பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, கியரில் போட்டுப் பிரேக்கையும் கட்டி, ஹீட்டர் பிளக் துளை வழியே காற்றை ஏற்றினேன். ஏர் கிளீனர் வாயில் காது வைத்தேன். சைலன்சரில் வைத்தேன். ஆயில் ஊற்றும் மூடியில் வைத்தேன். ரேடியேட்டரில் குமிழி பார்த்தேன். ஒரு சீறலும் இல்லை. மற்ற மூன்று சிலிண்டர்களைப் போலவே இதுவும் காற்றைப் பிடித்து வைத்திருந்தது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. கசிவே இல்லாமல் அழுத்தம் குறைய வேண்டுமானால் இரண்டே வழி. ஒன்று, காற்று முழுதாக உள்ளே வரவில்லை. இரண்டு, வந்த காற்று முழுதாக அழுந்தவில்லை. முதலாவதை மறுநாளே தீர்த்துவிட்டோம். மேல் மூடியைக் கழற்றி வால்வுகள் எவ்வளவு இறங்குகின்றன என்று டயல் கேஜால் அளந்தோம். எட்டு வால்வும் சரியாக இறங்கின. எஞ்சியது இரண்டாவது: பிஸ்டன் உச்சி வரை வருவதில்லை. அப்போதுதான் அந்த 'டக்' சத்தம் ஓராண்டு தாண்டி என் காதில் மறுபடி கேட்டது.

தாளில் கணக்குப் போட்டேன். விகிதம் 22 என்றால், 83 மில்லிமீட்டர் ஓட்டத்துக்கு மேலே மிச்சமிருக்கும் இடத்தின் மதிப்பு 83-ஐ 21-ஆல் வகுத்தது, அதாவது சுமார் 3.95 மில்லிமீட்டர் உயரம். இவ்வளவு சிறிய இடத்தில் பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர் கீழே நின்றுவிட்டாலும் விகிதம் 22-இலிருந்து 18-க்குக் கீழே விழுந்துவிடும். குறைந்த அழுத்தத்தில் காற்றின் சூடும் ஏறத்தாழ ஐம்பது டிகிரி குறையும். குளிர்ந்த எஞ்சினில் பீய்ச்சிய டீசல் பற்றாமல் ஆவியாகி வெள்ளைப் புகையாக வெளியேறும். சுவர்கள் சூடேறியபின் அந்த ஐம்பது டிகிரி ஈடாகிவிடும், சிலிண்டர் பற்றிக்கொள்ளும். நோயின் ஒவ்வொரு அறிகுறியும் இந்தக் கணக்குக்குள் வந்து உட்கார்ந்தது. பெட்ரோல் எஞ்சினில் ராடின் இதே அளவு வளைவு இவ்வளவு ஆட்டம் காட்டியிருக்காது. அதன் விகிதம் எட்டு, ஒன்பது. மேலே இருக்கும் இடம் பெரிது.

ஹெட்டைத் திறந்தபோது

டவுனில் எனக்குத் தெரிந்த மூத்த மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் உண்டு. கையெழுத்துகூடச் சிரமப்பட்டுப் போடுவார். ஆனால் கைவிரலால் தடவி, சிலிண்டரின் உள்ளுறையான லைனரின் தேய்வைச் சொல்லிவிடுவார். அவரை அழைத்துவந்தேன். கணக்கைச் சொன்னேன். "சார்வாள், ஹெட்டைத் தூக்குங்கள், வண்டியே சொல்லும்" என்றார்.

தூக்கினோம். காந்த அடித்தளத்தில் டயல் கேஜை நிறுத்தி நான்கு பிஸ்டனின் உச்சி உயரத்தையும் அளந்தோம். மூன்று, ஒன்றுக்கொன்று 0.05 மில்லிமீட்டருக்குள். மூன்றாவது 1.1 மில்லிமீட்டர் தாழ்வு. அந்த அளவைக் கணக்கில் போட்டால் விகிதம் 17.4 வருகிறது. கேஜ் காட்டிய 20-க்கும் மற்றவற்றின் 27-க்கும் உள்ள இடைவெளி அதோடு ஒத்துப்போனது.

அதைவிட என்னை அசைத்தது அண்ணாச்சி காட்டிய வேறொன்று. முப்பது ஆண்டு ஓடிய லைனரில், மேல் ரிங் எட்டும் எல்லையில் ஒரு சிறு திட்டு உருவாகியிருக்கும். விரல் நகம் தட்டும். நான்கு லைனரிலும் அந்தத் திட்டு ஒரே உயரத்தில் இருந்தது. ஆனால் மூன்றாவதில் மட்டும் அந்தத் திட்டுக்குக் கீழே, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான அகலத்தில், புதிதாகக் கரி படிந்த ஒரு வளையம். ரிங் இப்போது அங்கே வரை ஏறுவதில்லை என்பதற்குச் சாட்சி அந்தக் கரி. முப்பது ஆண்டும் பிஸ்டன் சரியான உயரம் வரை ஏறியிருக்கிறது என்பதற்குச் சாட்சி அந்தத் திட்டு. ராடு பிறவியிலேயே குட்டையும் இல்லை, பழைய விபத்தும் இல்லை, அண்மையில் வளைந்தது என்பதை இரண்டும் சேர்ந்து தேதி போட்டுச் சொல்லிவிட்டன.

பிஸ்டனை வெளியே எடுத்ததும் மிச்சமும் தெரிந்தது. பிஸ்டனின் கீழ்ப்பகுதியான பாவாடையில் ஒரு பக்கம் மேலே தேய்வு, எதிர்ப்பக்கம் கீழே தேய்வு. சாய்ந்து ஓடியிருக்கிறது. ராடின் பெரிய முனையில் இருந்த பேரிங்கும் அப்படியே, மூலைக்கு மூலை. இன்னும் ஓராண்டு ஓட்டியிருந்தால் ராடு முறிந்து பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கும்.

அங்கே ஒரு வாக்குவாதம். போரிங் பட்டறையில் ராடை அச்சில் ஏற்றிப் பார்த்தவர், அழுத்தி நேராக்கித் தருவதாகச் சொன்னார். அந்தக் காலத்தில் அப்படிச் செய்ததுண்டு. நான் மறுத்தேன். ஒருமுறை நசுங்கி வளைந்த இரும்பை எதிர்ப்பக்கம் வளைத்தால் வடிவம் திரும்பும், உறுதி திரும்பாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருந்தால் நிமிடத்துக்கு மூவாயிரம் முறை இழுபட்டு அது வளரும். அண்ணாச்சி என் பக்கம் நின்றார். உடைத்த வண்டிகள் விற்கும் இடத்தில் அதே எஞ்சினின் நல்ல ராடு ஒன்று கிடைத்தது. அதையும் அச்சில் ஏற்றிப் பார்த்த பிறகே வாங்கினோம். எடை மற்ற மூன்றைவிட 14 கிராம் கூடுதல். நகைக்கடைத் தராசில் வைத்து, கனமான மூலையில் மட்டும் கொஞ்சங்கொஞ்சமாகத் தேய்த்துச் சமப்படுத்தினோம். என் மருமகன் அதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். அவசரப்படாத கை அவனுக்கு.

கிராங்கை மைக்ரோமீட்டரால் அளந்தோம். வளைந்த ராடு உட்கார்ந்திருந்த இடத்திலும் வட்டம் கெடவில்லை. மெருகேற்றியதோடு விட்டோம். நான்கு லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிது. ஹெட்டின் மட்டம் பார்த்து, வால்வுகளை அரைத்து உட்கார்த்தி, புதுக் கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் படிப்படியாக முறுக்கினோம்.

பம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வேலை நோய்க்கு மருந்தில்லை என்றாலும் வீணும் இல்லை. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க விற்கும், பி.எஸ். 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்து டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். பழைய டீசலுக்கு நெடுங்காலம் பழகிய ரப்பர் வளையங்கள் புதியதில் சுருங்கிக் கசியத் தொடங்குவதுண்டு. எங்கள் பம்பிலும் அந்தக் கசிவு இருந்தது. டீசலைத் தாங்கும் விட்டான் வகை ரப்பர் வளையங்களாக மாற்றியபின் நின்றது.

மற்றவை

எஞ்சினில் மூழ்கிப்போனதால், வெள்ளம் மற்ற இடங்களில் செய்த வேலையை எழுதாமல் விட்டுவிடக் கூடாது. அவற்றிலும் மோசமானது முன் அச்சின் இரு முனைகளில் இருக்கும் உருண்டைகள். சக்கரம் திரும்புவதற்கான ஜாயின்ட் மூடிய இரும்பு உருண்டைக்குள் கிரீஸில் கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. திறந்தால், கிரீஸும் ஆற்று வண்டலும் கலந்து அம்மியில் அரைத்த சாந்து போல இருந்தது. சக்கரம் திரும்பும் முளையான கிங்பின்னின் பேரிங் நான்கிலும் துருப்பிடித்துப் புள்ளி விழுந்திருந்தது. புது பேரிங் போட்டு, இறுக்கத்தை ஷிம் தகடுகளால் சரிசெய்து, விற்சுருள் தராசால் இழுத்துப் பார்த்துக் கையேட்டு அளவுக்குக் கொண்டுவர ஒரு வாரம் ஆனது. கியர் பெட்டியிலும் ஃபோர் வீல் பெட்டியிலும் முன், பின் அச்சுகளின் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் இரு கிரவுன்களிலும் டீசலால் கழுவி, மலிவான ஆயில் ஊற்றி ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி இறக்கி, பிறகு நல்ல ஆயில் ஊற்றினோம். கியர் பெட்டிக்கு 90 எண் ஆயிலிலும் ஜி.எல். 4 தரமே பாதுகாப்பானது. ஜி.எல். 5 சிலவற்றின் ரசாயனம் உள்ளிருக்கும் பித்தளை வளையங்களை அரித்துவிடும்.

சேசிஸ் பெட்டி வடிவ இரும்பு. உள்ளே புகுந்த வண்டல் ஒன்றரை ஆண்டு ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. போர் பம்பின் குழாயைத் துளைக்குள் விட்டுப் பீய்ச்சியதில் மூன்று சட்டி மண் வந்தது. பிறகு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்டோம். பின் ஸ்பிரிங் பட்டை பிடிக்கும் இடத்தில் சத்தம் மந்தமாக மாறியது. அங்கே துருவின் மேலேயே தகடு ஒட்டாமல், நல்ல இரும்பு வரும் வரை வெட்டியெடுத்துவிட்டு அதே கனத்தில் புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்தோம். உட்புறத்தில் மெழுகு வகைப் பூச்சு. கழிவு ஆயிலை அடிக்கும் பழக்கம் இங்கே உண்டு. அதில் அமிலம் இருக்கிறது, சொட்டினால் தோட்டத்து மண்ணும் கெடும். நான் அடிக்கவில்லை.

பெயிண்ட், இருக்கை, தார்ப்பாய் எல்லாம் வழக்கமான வேலை. அப்பா வாங்கிய நாளில் இருந்த அதே பச்சை.

பதிவுச் சான்று புதுப்பிக்கும் அலுவலகத்தில், 'வின்டேஜ்' என்று பதியலாமா என்று பலரும் கேட்கிறார்கள். 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டினால்தான் அந்தப் பெயர். அப்படிப் பதிந்தால் அன்றாடம் சாலையில் ஓட்டவும் முடியாது. எங்கள் வண்டி தார் சுமக்கப் பிறந்தது. சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு நீட்டிக்கொண்டோம்.

ஆவணியில் பூட்டி முடித்தோம். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் பாரம் ஏற்றவில்லை. அதன்பின் கம்ப்ரஷன்: 28, 28, 28, 27. மார்கழி விடியலில், பனி வாழை இலையில் சொட்டும் நேரத்தில், ஹீட்டர் விளக்கு அணையும் வரை காத்திருந்து சாவியைத் திருப்பினேன். நான்கும் ஒரே மூச்சில் பற்றின. வாசலில் நின்ற அம்மா, புகை எங்கே என்று சைலன்சர் பக்கம் போய்ப் பார்த்தாள்.

இரண்டாம் கியரில் வேகம் குறைக்கும்போது மெல்லிய முனகல் ஒன்று இன்னும் கேட்கிறது. கியர் பெட்டிக்குள் ஏதோ ஒரு பேரிங்கை வெள்ளம் தொட்டிருக்க வேண்டும். மருமகனுக்குத் தேர்வு முடிந்ததும் அதைத் திறக்கிறோம்.